முதுகுவலிக்கு அக்குபங்சர்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

கீழ்முதுகில் தொடங்கிய வலி சில வாரங்கள் கடந்தும் விடாமல், தைலமும் வலிமாத்திரையும் போட்டுச் சலித்துப்போன நிலையில், அக்குபங்சர் பார்த்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. எந்த முதுகுவலியானாலும் ஊசி தீர்த்துவிடும் என்று சொல்பவர்கள் ஒருபக்கம் இருக்க, அது வெறும் மனத்தேறுதல் என்று ஒதுக்குபவர்கள் மறுபக்கம் இருக்கிறார்கள். இருதரப்பாரின் உறுதியும் வலியோடு இருப்பவருக்குப் பெரிதாக உதவுவதில்லை. புதிதாகச் செல்பவர் கவனிக்க வேண்டியவை இரண்டு: சிகிச்சைக்கு முன்னர் தம் வலி எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்வது, சிகிச்சை தொடங்கிய பின்னர் பலன் இருக்கிறதா என்பதைக் கெடு வைத்து அளந்து பார்ப்பது. கீழே வரும் படிகள் இந்த இரண்டையும் ஒட்டியே அமைந்துள்ளன.

முதல் படி: இது மருத்துவமனைக்குப் போக வேண்டிய வலியா?

முதுகுவலிகளில் மிகச் சிலவே ஆபத்தானவை. ஆனால் அந்தச் சிலவற்றில் காலதாமதம் செய்தால் இழப்பைச் சரிசெய்ய முடியாது என்பதால், எந்த மாற்றுச் சிகிச்சையை நாடுவதற்கும் முன் அவற்றை விலக்கிவிட வேண்டும்.

சிறுநீர் கழிக்க முடியாமல் அடைபடுவது, அல்லது சிறுநீரும் மலமும் கட்டுப்பாடின்றி வெளியேறுவது, சைக்கிள் இருக்கையில் படும் உடற்பகுதி முழுவதும் மரத்துப்போவது, இரண்டு கால்களிலும் பலம் குறைவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று முதுகுவலியோடு சேர்ந்து வந்தால், தண்டுவடத்தின் அடியிலிருந்து இறங்கும் குதிரைவால் நரம்புக்கற்றை நசுங்கிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே, அது நள்ளிரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் நடக்கையில் செருப்பு கழன்று விழுவதும் இதே போன்று அவசரமாகக் காட்ட வேண்டிய அறிகுறியே.

நம் நாட்டில் மறக்கக் கூடாத இன்னொன்று முதுகெலும்புக் காசநோய். மாலை நேரக் காய்ச்சல், பசியின்மை, காரணமில்லாத எடைக்குறைவு, படுத்தாலும் குறையாத வலி ஆகியவை அதன் அடையாளங்கள். இருமல் இல்லாமலேயே இது வரக்கூடும் என்பதால் பலர் காசநோயைச் சந்தேகிப்பதே இல்லை. மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் கூட்டு மருந்துகளால் இதைக் குணப்படுத்த முடியும். அம்மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏற்கெனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் புதிதாக வரும் முதுகுவலியையும் உடனே பரிசோதிக்க வேண்டும்.

மாதவிடாய் நின்ற பெண்கள், நீண்ட காலமாக ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், எழுபது வயதைக் கடந்தவர்கள் ஆகியோருக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருக்கலாம். வேகத்தடையில் பேருந்து தூக்கிப் போட்டதாலேயே முள்ளெலும்பு நொறுங்கியவர்கள் உண்டு. இத்தகையோருக்குத் திடீரென்று முதுகில் கடும் வலி வந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் எதையும் செய்யக் கூடாது. வீட்டில் பேரப்பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும், வாயுப் பிடிப்பு என்று முடிவுகட்டி உருவிவிடச் சொல்வதும் இவர்களுக்குக் கூடவே கூடாது.

இரண்டாம் படி: வலியின் வகையை அறிந்துகொள்ளுங்கள்

மேற்சொன்ன ஆபத்துகள் இல்லையென்றால், உங்களுடைய வலி பெரும்பாலும் குறிப்பிட்ட காரணம் சுட்ட இயலாத கீழ்முதுகு வலியாகவே இருக்கும். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி கீழ்முதுகு வலியில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்த வகையைச் சேர்ந்தது. தசை, தசைநார், சிறு மூட்டுகள், வட்டுகள் (டிஸ்க்) ஆகிய எதிலிருந்தும் வலி எழலாம். எதிலிருந்து எழுகிறது என்று எந்தப் பரிசோதனையாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நாள் முழுவதும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பது, குண்டும் குழியுமான சாலையில் இருசக்கர வாகனத்தில் நெடுந்தொலைவு போய் வருவது, பழக்கமில்லாத ஒருநாளில் எரிவாயு உருளையையோ அரிசி மூட்டையையோ தூக்குவது, உடற்பருமன், புகைப்பழக்கம், தூக்கக்குறைவு, மன உளைச்சல் என்று பல காரணங்கள் இதில் கூடிச் செயல்படுகின்றன. மன உளைச்சலை இங்கே குறிப்பிடுவதால் வலி கற்பனையானது என்று பொருளாகாது. தூக்கம் கெட்டும் கவலை மிகுந்தும் இருக்கும்போது அதே அளவு வலித்தூண்டலை நரம்பு மண்டலம் கூடுதலாக உணர்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த வகை, காலுக்கு இறங்கும் நரம்புவலி. இடுப்புப் பகுதியிலுள்ள ஐந்து முள்ளெலும்புகளுக்கு இடையே வட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வட்டும் வெளியே நார்வளையமும் உள்ளே கூழும் கொண்டது. வளையம் கிழிந்து கூழ் பிதுங்கி நரம்புவேரை அழுத்தும்போது, பிட்டத்தில் தொடங்கித் தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே பாதம் வரை மின்சாரம் பாய்வது போல வலி ஓடுகிறது. சயாட்டிகா என்றும், பேச்சுவழக்கில் ஜவ்வு விலகல் என்றும் சொல்வது இதைத்தான். நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலும் அதற்கு அடுத்த கீழ் மட்டத்திலும் இது மிகுதியாக ஏற்படுகிறது. இருமினாலும் தும்மினாலும் நெடுநேரம் உட்கார்ந்தாலும் வலி கூடும். அறுவை சிகிச்சை இல்லாமலேயே சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலோருக்கு இது தணிந்துவிடுகிறது.

வயதானவர்களிடம் காணப்படும் தண்டுவடக் கால்வாய்க் குறுக்கம் இதிலிருந்து வேறுபட்டது. கொஞ்ச தூரம் நடந்ததும் இரு கால்களும் கனத்து வலிக்கும். உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ விட்டுவிடும். நடக்க முடியாத ஒருவர் சைக்கிளை மட்டும் சிரமமின்றி ஓட்டுகிறார் என்றால் இதைச் சந்தேகிக்கலாம்.

இளம் வயதினரிடம் தவறவிடக் கூடாத வகை ஒன்று உண்டு. நாற்பத்தைந்து வயதுக்குள் மெல்லத் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பது, பின்னிரவில் தூக்கத்தைக் கலைப்பது, காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்திருப்பது, ஓய்வெடுத்தால் கூடி நடமாடினால் குறைவது ஆகிய குணங்கள் கொண்ட வலி, முதுகெலும்பின் அழற்சி நோயாக இருக்கலாம். கண் சிவந்து வலிப்பதும் இதனுடன் சேர்ந்து வரலாம். இவர்கள் மூட்டுவாத மருத்துவரைப் பார்க்க வேண்டும். அக்குபங்சரால் வலி சற்றுத் தணியக்கூடும். ஆனால் உள்ளே நடக்கும் அழற்சியையும் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்துபோவதையும் அது நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை.

விலாவுக்குக் கீழிருந்து தொடையிடுக்கு நோக்கி அலையலையாக வரும் வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். கருப்பைக் கோளாறுகளும் இடுப்பில் வலியாக வெளிப்படுவதுண்டு. எப்படித் திரும்பினாலும் குனிந்தாலும் மாறாத வலி முதுகைச் சேர்ந்ததுதானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்கேன் அறிக்கையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதுகுவலியே இல்லாத மனிதர்களை ஸ்கேன் செய்து வெளியான ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் வட்டுத் தேய்மானம் காணப்பட்டது. வட்டுப் புடைப்பு இருபது வயதிலேயே 30 சதவீதத்தினரிடம் இருந்தது. ஆகவே எம்.ஆர்.ஐ. அறிக்கையில் தேய்மானம், புடைப்பு என்னும் சொற்களைக் கண்டவுடன் முதுகு கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. நரம்புக் குறைபாடோ முதல் படியில் சொன்ன அறிகுறிகளோ இல்லாத நிலையில் அவசரப்பட்டு ஸ்கேன் எடுப்பதால் கிடைப்பது பெரும்பாலும் கவலை மட்டுமே.

மூன்றாம் படி: அக்குபங்சரிடம் எதை எதிர்பார்க்கலாம்?

சீன மரபின்படி உடலில் சக்தி ஓடும் பாதைகள் உள்ளன. அப்பாதைகளில் ஓட்டம் தடைபடுவதே வலி. முதுகெலும்பின் இருபுறமும் இறங்கிக் காலின் பின்பக்கமாகச் சிறுவிரல் வரை செல்லும் சிறுநீர்ப்பைப் பாதையே முதுகுவலிக்கு முதன்மையாகக் கொள்ளப்படுகிறது. நவீன உடலியலோ வேறு மொழியில் பேசுகிறது: ஊசி தசையிலுள்ள நரம்பு முனைகளைத் தூண்டும்போது தண்டுவடத்திலும் மூளையிலும் எண்டார்பின் போன்ற வலியடக்கும் பொருள்கள் சுரக்கின்றன, மேலேறும் வலிச் சைகைகள் மட்டுப்படுகின்றன. சக்திப் பாதையை நம்பினால்தான் பலன் கிடைக்கும் என்பதில்லை.

பலன் எவ்வளவு என்ற கேள்விக்கு ஜெர்மனியில் நடந்த பெரிய ஆய்வொன்று தெளிவான படத்தைத் தருகிறது. நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 1,162 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு மரபுப் புள்ளிகளில் ஊசி போடப்பட்டது. இரண்டாம் குழுவுக்குப் புள்ளிகளல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி குத்தப்பட்டது. மூன்றாம் குழு மருந்து, இயன்முறை, உடற்பயிற்சி ஆகியவை கொண்ட வழக்கமான சிகிச்சையைப் பெற்றது. ஆறு மாதங்களுக்குப் பின் முன்னேற்றம் கண்டவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம். ஊசி பெற்ற இரு குழுவினரும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தார்கள். ஆனால் ஊசி எந்த இடத்தில் இறங்கியது என்பதால் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை.

இந்த வகைச் சான்றுகளைப் பார்த்துப் பல நாட்டு வல்லுநர்கள் பலவிதமாக முடிவெடுத்திருக்கிறார்கள். புள்ளிகளல்லாத இடங்களில் குத்தும் போலி ஊசியைவிட உண்மை ஊசி பெரிதும் மேம்பட்டதாக இல்லை என்பதால், 2016இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு கீழ்முதுகு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. வலி குறைகிறது, ஆபத்தும் குறைவு என்பதை முதன்மைப்படுத்திய அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி, 2017இல் மருந்தில்லாச் சிகிச்சைகளுள் ஒன்றாக அதைச் சேர்த்துக்கொண்டது. உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வழங்கத்தக்கவற்றுள் ஊசிச் சிகிச்சை இடம்பெற்றிருக்கிறது. சான்றின் உறுதி குறைவு என்னும் குறிப்போடு. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால், இவற்றிலிருந்து நடைமுறைக்கு உதவும் முடிவுகள் இரண்டு. பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்கு இதைத் துணைச் சிகிச்சையாக முயன்று பார்ப்பது நியாயமானது. யாருக்கும் தெரியாத இரகசியப் புள்ளி தம்மிடம் இருப்பதாகச் சொல்பவருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயமானதல்ல.

பிதுங்கிய வட்டை ஊசி உள்ளே தள்ளாது. குறுகிய கால்வாயை அகலமாக்காது. தேய்ந்த எலும்பை வளர்க்காது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் படங்களை அருகருகே காட்டி ஜவ்வு உள்ளே போய்விட்டது என்று சொல்லும் விளம்பரங்களை நம்பிவிட வேண்டாம். பிதுங்கிய கூழ் சில மாதங்களில் தானாகவே சுருங்குவது மருத்துவம் நன்கறிந்த இயல்பு.

நான்காம் படி: சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுத்தல்

இந்தியாவுக்கு அக்குபங்சரைக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, ஜப்பானோடு போரிட்ட சீனர்களுக்கு உதவ 1938இல் டாக்டர் கோட்னிஸுடன் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் இருந்த டாக்டர் பிஜய் குமார் பாசு. பின்னர் மீண்டும் சீனா சென்று கற்றுத் திரும்பி, 1959இல் கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். அவர் நவீன மருத்துவம் படித்தவர். இலங்கையில் இதைப் பரப்பிய ஆன்டன் ஜயசூரியாவும் களுபோவில அரசு மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவரே. ஆகையால், அக்குபங்சர் என்றாலே ஆங்கில மருத்துவத்துக்கு எதிரானது என்ற பேச்சு இந்த முன்னோடிகளிடமிருந்து வந்ததன்று.

தமிழ்நாட்டில் அந்தப் பேச்சு பலமாகக் கேட்கிறது என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரை மாத்திரையை, இரத்த அழுத்த மாத்திரையை, தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தால்தான் சிகிச்சை தர முடியும் என்றோ, இரத்தப் பரிசோதனையே தேவையில்லை என்றோ சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முதுகுவலிக்காகப் போய் சர்க்கரையைக் கட்டுப்பாடின்றி ஏறவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

மத்திய சுகாதார அமைச்சகம் 2003இல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை வழிமுறையாக அனுமதித்தது. 2019இல் தனித்த சிகிச்சைமுறையாக அங்கீகரித்தது. மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் இதற்கெனத் தனிச் சட்டங்களை இயற்றியிருக்கின்றன. இருந்தும், பெயர்ப்பலகைகளில் காணப்படும் பட்டயங்களும் சான்றிதழ்களும் ஒரே தரத்தைக் குறிப்பவையல்ல. வார இறுதி வகுப்புகளில் பெற்ற சான்றும், ஐந்தரை ஆண்டுகள் படிக்கும் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பட்டமும் ஒன்றாகிவிடாது. பின்னதில் உடற்கூறியலோடு அக்குபங்சரும் பாடமாக இருக்கிறது. எனவே எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசு யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகளில் விசாரிப்பது நல்ல தொடக்கமாக இருக்கும். எம்.பி.பி.எஸ். அல்லது இயன்முறை மருத்துவம் படித்து ஊசிச் சிகிச்சையில் கூடுதல் பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு வேறுபாட்டையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்களில் அக்குபங்சர் என்ற பெயரிலேயே ஊசியில்லாத தொடுசிகிச்சை பரவலாக நடைபெறுகிறது. நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் சில நொடிகள் தொட்டுவிடுவார்கள். மேலே சொன்ன ஆய்வு முடிவுகள் ஊசியைப் பற்றியவை. அவற்றைத் தொடுசிகிச்சைக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

தொலைபேசியிலேயே கேட்டுவிடக் கூடிய கேள்விகள் சில: ஊசிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டு உறையிலிடப்பட்ட, ஒருமுறை மட்டும் பயன்படுத்துபவையா? இதுவரை எத்தனை ஆண்டுகளாக ஊசி போட்டு வருகிறீர்கள்? எத்தனை அமர்வுகளுக்குப் பிறகு பலன் இல்லையென்று நிறுத்துவீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான விடை தருபவரையே நான் முதலில் பரிந்துரைப்பேன். முப்பது அமர்வுகளுக்கு முன்பணம் கட்டச் சொல்பவரைத் தவிர்க்கலாம்.

ஐந்தாம் படி: முதல் நாளுக்கு முன்

ஒரு தாளில் மூன்று எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சென்ற வாரத்தில் சராசரி வலி, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு? வலியில்லாமல் எத்தனை நிமிடம் உட்காரவோ நடக்கவோ முடிகிறது? வாரத்துக்கு எத்தனை வலிமாத்திரை தேவைப்படுகிறது? இந்தத் தாள் இல்லாமல் போனால், பத்து நாள் கழித்துக் கொஞ்சம் தேவலை போலிருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்ல முடியாது. பலன் இருந்ததா என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் அன்றைய மனநிலைக்கேற்ற விடையையே தருவீர்கள்.

சிகிச்சையாளரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பது, இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பது, கருவுற்றிருப்பது அல்லது அதற்கான வாய்ப்பு, சர்க்கரை நோயால் கால் மரத்திருப்பது, நிக்கல் போன்ற உலோக ஒவ்வாமை, ஊசியைக் கண்டால் மயக்கம் வருவது. இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்கள், ஊசிகள் வழியே மின்துடிப்பு தரும் மின்னூசிச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும். கருவுற்றவர்களுக்கு வயிற்றுப் பகுதியிலும் இடுப்பின் அடிப்பகுதியிலும் சில கைகால் புள்ளிகளிலும் மரபுப்படி ஊசி போடுவதில்லை.

வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வர வாய்ப்புண்டு. வயிறு புடைக்க உண்டுவிட்டுக் குப்புறப் படுப்பதும் சிரமம். இரண்டு மணி நேரத்துக்கு முன் இட்லியோ தோசையோ அளவாகச் சாப்பிட்டுவிட்டு, முதுகையும் முழங்காலின் பின்புறத்தையும் எளிதாக வெளிப்படுத்தக்கூடிய தளர்வான ஆடையோடு செல்லுங்கள். பெண்கள் துணைக்கு ஒருவரை உடனிருத்திக்கொள்ளக் கேட்கலாம். அதை மறுக்கும் இடத்துக்குப் போக வேண்டியதில்லை.

ஆறாம் படி: படுக்கையில் நடப்பவை

நல்ல சிகிச்சையாளர் முதல் சந்திப்பில் ஊசியை எடுப்பதற்கு முன் வெகுநேரம் கேள்வி கேட்பார். குனியவும் நிமிரவும் சொல்வார். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்ப்பார். நாடியும் நாக்கும் பார்ப்பது மரபு வழிப் பரிசோதனை. முதல் அமர்வை உட்கார்ந்த நிலையில் செய்துகொள்ளாமல் படுத்த நிலையிலேயே செய்துகொள்வது மயக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு.

அக்குபங்சர் ஊசி மருந்தூசியைப் போலத் துளையுள்ளதன்று, பெரும்பாலும் 0.20 முதல் 0.30 மில்லிமீட்டர் தடிமனே உள்ள கெட்டியான எஃகுக் கம்பி. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் தோலைத் துடைத்து, ஊசியைத் தட்டி இறக்குவார்கள். இறங்கும்போது எறும்புக்கடி அளவு வலி இருக்கலாம். சரியான ஆழத்தை எட்டியதும் அவ்விடம் கனப்பது, இழுப்பது, மந்தமாகப் பரவுவது போன்ற உணர்வு தோன்றும், இது எதிர்பார்க்கப்படுவதே. ஆனால் சுரீரென்று மின்சாரம் போலக் கால் முழுவதும் வலி பாய்ந்தால் ஊசி நரம்பைத் தொட்டிருக்கலாம்; பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள்.

எந்த இடங்களில் போடுவார்கள் என்று தெரிந்திருந்தால் அச்சம் குறையும். இடுப்பில் இரண்டாம் முள்ளெலும்பின் மட்டத்தில், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் இரண்டு விரல் அகலம் தள்ளி இருப்பது சிறுநீர்ப்பை 23 (அதாவது சிறுநீர்ப்பைப் பாதையின் 23ஆம் புள்ளி) எனப்படும் ஷென்ஷு. முழங்கால் மடிப்பின் பின்னே நட்டநடுவில் உள்ள சிறுநீர்ப்பை 40, அதாவது வெய்ஜோங், முதுகு நோவுக்கென்றே மரபு முன்னிறுத்தும் புள்ளி. வெளிக்கணுக்காலுக்கும் குதிகால் தசைநாருக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் சிறுநீர்ப்பை 60 இருக்கிறது. காலுக்கு வலி இறங்குபவர்களுக்குப் பிட்டத்தில் பித்தப்பை 30 என்ற புள்ளியில் நீளமான ஊசி இறக்குவார்கள். தசை தடித்த இடம் என்பதால் நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். இவை தவிர, அழுத்தினால் வலிக்கும் இடங்களிலேயே நேராகப் போடுவதும் உண்டு. சிலர் இரண்டு ஊசிகளைச் சிறு கருவியோடு இணைத்து மெல்லிய மின்துடிப்பு தருவார்கள். சிலர் மோக்சா மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டுவார்கள். கால் மரத்தவர்கள் சூட்டுச் சிகிச்சையை ஏற்கக் கூடாது, தோல் கருகினாலும் தெரியாது.

இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஊசிகள் இருக்கும். அந்நேரத்தில் புரளாமல் படுத்திருக்க வேண்டும். அழைத்தால் கேட்கும் தொலைவில் ஒருவர் இருக்க வேண்டும். போட்ட ஊசிகளின் எண்ணிக்கையும் எடுத்தவற்றின் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். தலைமுடிக்குள்ளும் உடை மடிப்பிலும் ஊசி தங்கிவிடுவது நடக்கக்கூடியதே.

முடிந்ததும் மெல்ல எழுந்து பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டே வண்டியை எடுங்கள். ஒன்றிரண்டு இடங்களில் நீலம்பாரிப்பதும், ஒருநாள் வலி சற்றுக் கூடுவதும், உடல் அசதியாக இருப்பதும் இயல்பு. கடுமையான பின்விளைவுகள் அரிது. பிரிட்டனில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில் 34,000க்கும் மேற்பட்ட அமர்வுகளைக் கணக்கெடுத்தபோது தீவிரப் பாதிப்பு ஒன்றும் பதிவாகவில்லை. அரிது என்பதால் அறவே இல்லை என்றாகாது. மேல்முதுகிலோ தோள்பட்டையிலோ ஊசி போட்டுக்கொண்ட பின், சில மணி நேரம் கழித்தாயினும், மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் நுரையீரல் உறை துளைபட்டிருக்கலாம். அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். காய்ச்சலோடு ஊசியிட்ட இடம் சிவந்து வீங்கினாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: தொடர்வதா, நிறுத்துவதா?

வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு அமர்வுகள் என்பது வழக்கமான வேகம். எவ்வளவு காலம் என்பதற்கு அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2020இல் வகுத்த விதி நல்ல அளவுகோல். பன்னிரண்டு வாரங்களைத் தாண்டிய கீழ்முதுகு வலிக்கு 90 நாள்களில் 12 அமர்வுகள் வரை அது பணம் தருகிறது. முன்னேற்றம் தெரிந்தால் மட்டும் மேலும் 8 அமர்வுகள். ஆண்டுக்கு 20க்கு மேல் இல்லை. முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். சொந்தக் காசு செலவழிப்பவர் இதைவிடக் கறாராக இருப்பதில் தவறில்லை. ஆறாம் அமர்வு முடிந்ததும் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். வலி எண் பத்துக்கு இரண்டாவது குறைந்திருக்க வேண்டும், அல்லது தொடக்கத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்காவது இறங்கியிருக்க வேண்டும். கூடவே உட்காரும் நேரமோ நடக்கும் தொலைவோ கூடியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இன்னும் பத்து அமர்வு போனால் சரியாகும் என்ற வாக்குறுதியை ஏற்காமல் விடைபெறலாம். வலி தொடங்கி ஓரிரு வாரங்களே ஆனவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: புதிய முதுகுவலி பெரும்பாலோருக்கு ஆறு வாரங்களுக்குள் தானாகவே வெகுவாகத் தணிந்துவிடும் என்பதால், அந்தக் காலத்தில் எதைச் செய்திருந்தாலும் அதனால்தான் குணமானது என்று தோன்றும்.

எட்டாம் படி: அமர்வுகளுக்கு இடையே

ஊசி வலியைத் தணிக்கும் அந்த இடைவெளியில் உடலை அசைக்கப் பழகாவிட்டால் பலன் நிலைப்பதில்லை. கட்டிலோடு கிடப்பது முதுகுத் தசைகளைப் பலவீனப்படுத்துகிறது. முதல் ஓரிரு நாளுக்கு மேல் படுக்கை ஓய்வு தேவையில்லை. இடுப்பு பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் நாள்பட்ட வலிக்கு வழக்கமாகத் தர வேண்டாம் என்றே உலக சுகாதார அமைப்பின் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நம் மருந்துக்கடைகளில் பெல்ட் விற்பனை என்னவோ குறைந்தபாடில்லை. அரைமணிக்கொரு முறை நாற்காலியை விட்டு எழுவது, தண்ணீர்க் குடத்தையோ மூட்டையையோ தூக்கும்போது முழங்காலை மடக்கிப் பொருளை உடலோடு ஒட்டிப் பிடிப்பது, பக்கவாட்டில் படுக்கையில் முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்வது, வெந்நீர் ஒத்தடம் ஆகிய எளியவற்றோடு, இயன்முறை மருத்துவரிடம் இடுப்பு, வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சிகளை ஒருமுறை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

குணமானவர்களுக்கும் வலி மீண்டும் வருவது சகஜம். ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிடம் என்ற இலக்கை நோக்கிப் படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வரும் வரையிலான இடைவெளி, நடுத்தர அளவில் 208 நாள்களாக இருந்தது. அந்த வழிகாட்டல் பெறாதவர்களுக்கு 112 நாள்கள். அப்படித் திரும்பி வரும்போது முதல் படியிலுள்ள அறிகுறிகளை மீண்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, நடையை முழுதும் நிறுத்தாமல் தொலைவை மட்டும் குறைத்துக்கொண்டு இரண்டு, மூன்று வாரம் பொறுத்திருங்கள். அதற்குள் தணியவில்லையென்றால், முன்பு ஆறு அமர்வுகளில் பலன் கண்டவர் மீண்டும் ஒரு சுற்று ஊசிக்குச் செல்லலாம். பலன் காணாதவர் அந்தப் பணத்தை இயன்முறை மருத்துவரிடம் செலவிடலாம்.